உரிமையாளர்: எல்லாரும்

வெயில் ஏறுவதற்குள் உப்பை வாரி முடிக்க வேண்டும். ஏறிவிட்டால் உப்புப் பாத்தியின் வெள்ளை கண்ணைப் பறிக்கும். கிழக்கு வெளுக்கையிலேயே முப்பத்தோரு பேரும் கணுக்கால் அளவு உவர்நீரில் நின்றிருந்தார்கள். பலகையைத் தள்ளி, உப்பை இழுத்து, வரப்பில் குவித்து, மறுபடி தள்ளி. உள்ளங்கால் வெடிப்புக்குள் உப்பு போய் உட்கார்ந்துகொண்டு தன் வேலையைப் பார்த்தது. கரையில் மோட்டார்காரரின் டீசல் மோட்டார் இருமிக்கொண்டே கடல்நீரை மேலே ஏற்றியது. பாத்தி இவர்களுடையது. தண்ணீர் ஏற்றுவதற்காக, வாருகிற உப்பில் பாதி அவருடையது. போன மாதம் வரை மூன்றில் ஒரு பங்குதான். டீசல் விலை ஏறிவிட்டதாம். இறங்கியபோது அவருக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

இவர்களில் எட்டாவது வரை படித்தவள் ஒருத்திதான். அதனால் அவளுக்கு டீச்சர் என்று பெயர். பள்ளிக்கூடத்துப் பக்கம் போய் இருபது வருஷம் ஆயிற்று. ஒன்பதாம் வாய்ப்பாட்டில் இன்னும் தடுக்கி விழுவாள். ஆனாலும் கொண்டையில் ஒரு பேனாவைச் செருகிக்கொண்டுதான் உப்பு வாருவாள். பட்டம் கொடுத்தவர்களை ஏமாற்றக் கூடாதில்லையா.

சூரிய மின்தகடு பற்றி ரேடியோவில் கேட்டவளும் அவள்தான். பத்துப் பேருக்கு மேல் சேர்ந்து பொதுவில் வைத்துக்கொண்டால் முக்கால்வாசிச் செலவை அரசாங்கமே தரும். வெயிலிலேயே மோட்டார் ஓடும். டீசலும் வேண்டாம், பாதி உப்பும் வேண்டாம். விண்ணப்பம் வாங்கி வந்து, கையை மூன்று முறை கழுவிவிட்டு, அவளே நிரப்பி அனுப்பினாள்.

அது திரும்பி வந்துவிட்டது. நாத்தனாரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனாள். எழுத்தர் படிவத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார். கெட்டவரில்லை, களைத்தவர்.

"உரிமையாளர் பெயர்னு கேட்டிருக்கு. என்ன எழுதியிருக்கீங்க?"

"எல்லாரும்னு."

"தந்தை பெயர்?"

டீச்சர் தலையைக் குனித்துக்கொண்டாள். "அவங்கவங்க அப்பா."

"வயசு, பத்தொம்பதுலேர்ந்து அறுபத்தேழு வரைக்கும்." எழுத்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏம்மா, எல்லாரும்னு ஒரு ஆளை நான் எங்கே போய்த் தேடுவேன்?"

"பொதுவுலதானே சார் வைக்கச் சொல்லுது திட்டம்?"

"திட்டம் பொதுவுக்குத்தான். பாரம் ஒருத்தருக்குத்தான். ஒரு பேரு, ஒரு கையெழுத்து. வெள்ளிக்கிழமை கடைசி. மேலேயிருந்து அப்படித்தான் வந்திருக்கு, நான் என்ன பண்ண?"

"பாரம்னு சரியாத்தான் பேர் வெச்சிருக்காங்க," என்றாள் நாத்தனார். "இன்னொண்ணு குடுங்க சார், தூக்கிட்டுப் போறோம்."

வியாழக்கிழமை காலையில், சேதி கேள்விப்பட்டு, மோட்டார்காரர் வரப்பில் செருப்பு நனையாமல் நடந்து வந்தார்.

"அட, இதுக்கா இவ்வளவு? என் பேரைப் போடு. என் கையெழுத்து பேங்க் வரைக்கும் செல்லும்."

"அப்ப வெயிலுக்கும் உங்களுக்குப் பங்கா?" என்றாள் நாத்தனார்.

"வெயில் இலவசம்தாம்மா. தகடு யாரோடதுங்கறதுதான் பேச்சு."

"எங்களோடது," என்றாள் டீச்சர். குரல் கொஞ்சம் கீச்சென்று வந்தது.

"எங்களோடதுன்னா யாரோடது? பேர் சொல்லு."

டீச்சர் கொண்டையில் பேனா இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"சரி. என் பேரைப் போட்டீங்கன்னா மோட்டார் ஓடும். அதுவரைக்கும் கையால இறைச்சுக்கோங்க."

மோட்டாரை நிறுத்திவிட்டுப் போனார். நாள்தோறும் சபித்த இருமல்தான். நின்றதும் எல்லாரும் கரையைத் திரும்பிப் பார்த்தார்கள். புதுத் தண்ணீர் ஏறாவிட்டால் பாத்தியில் கிடக்கிற நீர் சுண்டி, இரண்டு நாளில் உப்பு கசந்துவிடும். கசந்த உப்பை மாடுகூட நக்காது.

வரப்பில் கூடினார்கள். புதுப் படிவம் டீச்சரின் மடியில் இருந்தது.

"உன் பேரையே போடேன்," என்றார் எல்லோருக்கும் சித்தப்பாவான முதியவர். "நீ நம்ம ஆளு."

பேனாவை உருவினாள். எழுதினால் தீர்ந்தது. தகடு வரும், சட்டப்படி அவளுடையதாக. ஒரு கணம் அந்த நினைப்பு இனித்தது. அந்த இனிப்புதான் அவளைப் பயமுறுத்தியது.

"வேண்டாம் சித்தப்பா. மோட்டார்காரரும் ஒரு காலத்துல இதே பாத்தியில நின்ன நம்ம ஆளுதான். நான் நல்லவதான், இன்னைக்கு."

"நாளைக்கு?"

"அது எனக்கே தெரியாது."

"அண்ணிக்குத் தன்னைப் பத்தி நல்லாத் தெரியும்," என்று நாத்தனார் சிரித்தாள். பேனாவைப் பிடுங்கி, உரிமையாளர் என்ற ஒற்றைக் கோட்டில் தன் பெயரை எழுதினாள். அவளுக்கு எழுதத் தெரிந்தது அது ஒன்றுதான். பேனாவை அடுத்தவர் கையில் கொடுத்தாள்.

மூன்றாவது பெயரிலேயே கோடு தீர்ந்துபோயிற்று. பெயர்கள் ஓரத்தில் இறங்கின, தந்தை பெயரை மிதித்தன, பின்பக்கம் போய்த் திரும்பி வந்தன. எழுதத் தெரியாத சித்தப்பாவின் மை தடவிய கட்டைவிரல், வேறு இடம் கிடைக்காமல், 'அலுவலக உபயோகத்திற்கு மட்டும்' என்ற கட்டத்துக்குள் அழுந்தியது.

வெள்ளிக்கிழமை விடியலில் டீச்சர் கிளம்பும்போது மற்ற முப்பது பேரும் வாளியும் கயிறுமாக, இருவர் இருவராக, தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு இறைத்தும் மூன்று பாத்திகூட நிறையவில்லை. சித்தப்பா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"அந்த எழுத்தர் திருப்பி அனுப்பிடுவாரே?"

"அனுப்புவார் சித்தப்பா."

"அப்புறம் எதுக்குப் போற?"

"படிச்சுப் பாத்துட்டுத்தானே அனுப்பணும்," என்றாள் டீச்சர். "முப்பத்தோரு பேரையும்."