வெர்னா திருப்பி எறிந்த பந்து

எங்கள் பேஸ்பால் மைதானத்தில் இடது வேலிக்குப் பின்னால், முதுகு சாய வழியில்லாத பலகைகளில் உட்காருகிறவர்களுக்கு ஒரே ஒரு சட்டம். எதிரணிக்காரன் ஹோம் ரன் அடித்து, பந்து வேலியைத் தாண்டி உங்கள் கைக்கு வந்தால் அதை வைத்துக்கொள்ளக் கூடாது. புல்தரைக்கே திருப்பி எறிந்துவிட வேண்டும். எறியாதவரைப் பார்த்து மொத்தக் கூட்டமும் ஆட்டம் முடியும்வரை ஊளையிடும்.

இதில் ஒரு தில்லுமுல்லும் உண்டு. பழைய பந்து ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு வருவோம். நிஜப் பந்து கிடைத்தால் அதை உள்ளே தள்ளிவிட்டுப் பழசை எறிவோம். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் வெள்ளைதான். நானும் பக்கத்து இருக்கை ஆர்வில்லும் இதில் கைதேர்ந்தவர்கள். எங்கள் வரிசையில் பழைய பந்து கொண்டுவராத ஒரே ஆள் வெர்னா.

அவள் மகன் கர்ட், எங்கள் ஹெரான்ஸ் அணியின் இளையோர் குழுவில் ஆடியவன். இன்று எங்கள் அணியின் பெரிய அடிக்காரனான டிரெக்ஸ்லரும் அவனும் அப்போது ஒரே அறையில் தங்கியிருந்தார்கள். தசையை ஊதவைக்கும் ஊசி வந்தபோது டிரெக்ஸ்லர் கையை நீட்டினான், கர்ட் மாட்டேன் என்றான். டிரெக்ஸ்லர் பெரிய அணிக்குப் போனான். கர்ட் இப்போது கூரைகளுக்குத் தார் பூசுகிறான்.

ஊசி விவகாரம் சென்ற குளிர்காலத்தில் நீதிமன்றத்திலேயே வெளிவந்துவிட்டது. ஆனாலும் டிரெக்ஸ்லர் அடித்த ஹோம் ரன்கள் கணக்கில் அப்படியே நின்றன. இன்னும் ஒன்று அடித்தால் இதுவரை யாரும் எட்டாத எண்ணிக்கை. எல்லாரும்தான் போட்டுக்கொண்டார்கள், நம் பையன் மாட்டிக்கொண்டான், அவ்வளவுதான் என்பது ஆர்வில்லின் கட்சி. வெர்னா வாதாடவில்லை. டிரெக்ஸ்லர் மட்டையோடு வரும்போதெல்லாம் எழுந்து, மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

அந்த ஞாயிறு மதியமும் அப்படித்தான் நின்றிருந்தாள். ஏரியிலிருந்து காற்று வந்தால் பந்து வேலிக்கு முன்பே விழுந்துவிடும். அன்று காற்று ஏரியை நோக்கி அடித்தது. டிரெக்ஸ்லர் அடித்த பந்து காற்றில் ஏறி, எங்கள் பலகையில் மோதி, வெர்னாவின் காலடியில் வந்து நின்றது. பழைய சாதனை உடைந்தது. மைதானமே எழுந்து கூவியது.

அவள் பந்தை எடுத்துக் கையை ஓங்கினாள். ஆர்வில் பதறிப்போனான்.

"ஏம்மா, அவன் நம்ம ஆளு. நம்ம பந்தை யாராவது எறிவாங்களா?"

"உன் ஆளு," என்றாள் வெர்னா. எறிந்துவிட்டாள்.

கூவிக்கொண்டிருந்தவர்கள் புல்லை எட்டிப் பார்த்தார்கள். பிறகு சிரிப்பு கிளம்பியது. அவள் பழைய பந்தைத்தான் எறிந்தாள் என்று எல்லாரும் முடிவுகட்டிவிட்டார்கள். கீழே நின்ற எதிரணி ஆட்டக்காரன்கூட அதைக் காலால் ஓரம் தள்ளினான்.

"கில்லாடிதான் நீ," என்று ஆர்வில் அவள் காதருகே குனிந்தான். "நிஜம் எங்க? பையிலயா?"

வெர்னாவின் முகம் வெளுத்தது. இத்தனை நாள் நெஞ்சில் வைத்திருந்து சொன்ன 'மாட்டேன்', எல்லார் கண்ணுக்கும் ஒரு தில்லுமுல்லாகத் தெரிந்தது.

சாதனை உடையக்கூடிய ஆட்டங்களில், நிஜப் பந்தை அடையாளம் காண, அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத மையால் எண் எழுதுவார்கள். ஊதா விளக்கில் மட்டும்தான் அது தெரியும். அந்த விளக்கோடு மைதான அதிகாரி ஒருவர் எங்களிடம் ஏறி வந்து, பையைக் காட்டும்படி பணிவாகக் கேட்டார். உள்ளே ஒரு சாண்ட்விச்சும் சின்ன ரேடியோவும்தான் இருந்தன.

"அங்க கிடக்குது பாருங்க," என்று புல்லைக் காட்டினாள். அவர் நம்பவில்லை.

அவளிடம் என்றைக்குமே பழைய பந்து இருந்ததில்லை. வேறு யாராவது கொடுத்திருந்தால்தான் உண்டு. நான் எழுந்து என் பந்தை உயர்த்திப் பிடித்தேன். "என்னோடது இங்கதான் இருக்கு. அவ எறிஞ்சது என்னோடது இல்ல."

பின் வரிசையில் ஒரு கை பந்தோடு எழுந்தது. அப்புறம் இன்னொன்று. அழுக்கேறிய, தையல் பிரிந்த பந்துகள் வரிசை வரிசையாக உயர்ந்தன. கடைசியாக, முனகிக்கொண்டே, ஆர்வில்லுடையது.

அதிகாரி கீழே இறங்கிப் போனார். பட்டப்பகலில் ஊதா வெளிச்சம் எடுபடாது. அவர் கோட்டைக் கழற்றித் தலையோடு மூடிக்கொண்டு பந்தின் மேல் கவிழ்ந்தார். மைதானத்தின் பெரிய திரை முழுக்க அந்தக் கறுப்புக் கோட்டுதான். வெளியே வந்ததும் கட்டை விரலை உயர்த்தினார். யாரும் சிரிக்கவில்லை.

கூட்டத்தில் விழுந்த பந்து எடுத்தவருக்குத்தான் சொந்தம். அதனால் அவர் அதை மறுபடி மேலே கொண்டுவந்தார்.

"இது உங்களுதுதாம்மா. இதைக் குடுத்தா, கையெழுத்துப் போட்ட மட்டை தர்றேன்னு டிரெக்ஸ்லர் சொல்றார்."

தூரத்தில் டிரெக்ஸ்லர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு எங்களையே பார்த்து நின்றான். வெர்னா பந்தை வாங்கினாள்.

"இப்ப இது எந்தப் பந்துன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது," என்றார் அதிகாரி.

எறிந்தாள். முதல் தடவையைவிட இன்னும் தூரத்தில் போய் விழுந்தது.

ஆர்வில் தன் பழைய பந்தை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே இருந்தான். டிரெக்ஸ்லர் அடுத்த முறை மட்டையோடு வந்தபோது வெர்னா எழுந்து திரும்பி நின்றாள். கொஞ்சம் பொறுத்து ஆர்வில்லும் எழுந்து, மைதானத்துக்கு முதுகைக் காட்டி அவள் பக்கத்தில் நின்றான்.

"வெயில் கண்ணைக் குத்துது," என்றான், யாரும் கேட்காமலே.