டீஜே ஷிஃப்ட் சி

சி ஷிஃப்ட் முடித்துக் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, முக்குக் கடையில் பால் பாக்கெட் வாங்கிக்கொண்டு நான் வீட்டுக் கதவைத் திறந்தபோது, என் வீட்டுக்காரர் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து சி ஷிஃப்ட்டைப் பற்றிப் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார். ராத்திரி முழுக்க மெஷின் முன்னால் நிற்கிற தொழிலாளியின் உடம்புக்குள் ஒரு தாளம் ஓடுமாம், அந்தத் தாளம்தான் தன்னுடைய இசையாம். இங்கிலீஷில்தான் சொன்னார். திரையில் இருந்த பெங்களூருப் பெண் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்தும்படி எனக்குச் சைகை வந்தது. ராத்திரி முழுக்க நின்று சர்க்யூட் போர்டுகளைச் சரிபார்த்ததில் என் கணுக்கால் இரண்டும் வீங்கிப் போயிருந்தன. உடம்புக்குள் எந்தத் தாளமும் ஓடவில்லை, பசிதான் எடுத்தது.

அவர் பெயர் சுபாஷ். மேடையில் டீஜே ஷிஃப்ட் சி. அந்த மனிதர் தன் ஆயுளில் ஒரே ஒரு சி ஷிஃப்ட்கூடப் பார்த்ததில்லை. ஐடிஐ முடித்துவிட்டு ஓசூரில் ஒரு கம்பெனியில் டிரெய்னியாகச் சேர்ந்தார். பகல் ஷிஃப்ட்தான். கூலன்ட் ஆயில் வாசனைக்குத் தலை வலிக்கிறது என்று சில மாதத்தில் நின்றுவிட்டார். அதற்குப் பிறகு கலை. எங்கள் ஒன்றரை அறை வீட்டில் அந்த அரை அறைக்கு முட்டை அட்டையும் பழைய மெத்தைப் பஞ்சும் ஒட்டி ஸ்டுடியோ என்று பெயர் வைத்தார். உள்ளே அவர் ரெக்கார்டிங்கில் இருந்தால் வெளியே குக்கர் விசில் அடிக்கக் கூடாது. விசில் அடிக்காமல் பருப்பு வேகாது என்பது அவருக்குக் கடைசிவரை புரியவில்லை. ஆரம்பத்தில் குருபரப்பள்ளி, கிருஷ்ணகிரி என்று கல்யாண ரிசப்ஷன்களுக்குப் போய்வந்தார். சித்தப்பா பெரியப்பாமார் வந்து தங்களுக்குப் பிடித்த பாட்டைக் கேட்டால் இவருக்குக் கோபம் வரும். சனங்களுக்கு ரசனையே இல்லை என்று அவர்கள் போட்ட பிரியாணியைத் தின்றுகொண்டே சொல்வார்.

பிறகு அந்தப் பாட்டு வந்தது. பாட்டு என்றால் வார்த்தை ஒன்றும் கிடையாது. பவர் பிரஸ் மெஷின் தகட்டை அடிக்கிற சத்தத்தைப் பதிவு செய்து, அதையே வெட்டி ஒட்டி, அடியில் ஒரு இரைச்சலை ஓடவிட்டிருந்தார். டிங் தொம், டிங் தொம் என்று ஒரே சீராகப் போய்க்கொண்டிருக்கும். நடுவில் எல்லாம் நின்று அமைதியாகும். அப்புறம் திடீரென்று டிங், தொம் தொம் என்று இறங்கும். அந்த இடத்தில்தான் பெங்களூரில் ஜனங்கள் கையைத் தூக்கிக்கொண்டு குதிக்கிறார்கள். ஒருமுறை அப்படி ஒரு கிளப்புக்கு என்னையும் கூட்டிப்போனார். சுவரில் வேண்டுமென்றே துருப்பிடித்த மாதிரி பெயின்ட் அடித்திருந்தார்கள், பல்புக்கெல்லாம் கம்பிக்கூண்டு போட்டிருந்தார்கள். எங்கள் கேன்டீன் அதைவிட லட்சணமாக இருக்கும். இவர் தலையில் மஞ்சள் ஹெல்மெட், காதில் இரைச்சலைத் தடுக்கிற பெரிய மூடி. என் அண்ணன் வேலை பார்த்த பட்டறையில் அந்தக் காது மூடி ஆடிட் வருகிற அன்றைக்கு மட்டும்தான் பீரோவிலிருந்து வெளியே வரும். மறுநாள் ஏதோ இணையப் பத்திரிகை, இரும்பின் அழுகையை உலகுக்குக் கேட்கச் செய்தவர் என்று எழுதியிருந்தது. அவர் அதைப் பிரின்ட் எடுத்து ஃபிரிட்ஜில் ஒட்டினார். ஒட்டிய டேப் இடுக்கில் மாட்டி ஃபிரிட்ஜ் கதவு சரியாக மூடாமல் பால் திரிந்துபோனது.

பட்டறை என்று சொன்னேனே, என் அண்ணன் தீர்த்தகிரி வேலை பார்த்தது அங்கேதான். சொந்தப் பட்டறை இல்லை. உத்தனப்பள்ளி ரோட்டில் ராஜப்பன் என்பவர் நடத்துகிற யூனிட், வண்டிகளுக்குத் தகட்டுச் சாமான் அடித்துக் கொடுப்பார்கள். அண்ணன் அதில் பெடல் பிரஸ் ஆபரேட்டர். காலால் பெடலை ஒருமுறை மிதித்தால் பிரஸ் ஒருமுறை இறங்கி ஏற வேண்டும். ஏறியதும் கையை உள்ளே விட்டு அடித்த பீஸை எடுக்க வேண்டும். ஒருநாள் அண்ணன் கை உள்ளே இருக்கும்போது பிரஸ் இரண்டாவது முறை இறங்கிவிட்டது. இதை அங்கே டபுள் அடி என்பார்கள். வலது கையில் இரண்டு விரல் போயிற்று. மெஷினில் ஒரு கோளாறும் இல்லை, தீர்த்தகிரிதான் தூக்கக் கலக்கத்தில் இரண்டாவது தடவை மிதித்துவிட்டான் என்று ராஜப்பன் எல்லோரிடமும் சொன்னார். அண்ணனும் அதையே நம்பிவிட்டான். விரல் போனதைக்கூட அவன் அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தன் காலே தன் கையை நசுக்கிவிட்டது என்பதுதான் அவனை உள்ளே தின்றது. வண்டி ஓட்டுவதை நிறுத்திவிட்டான், பிரேக் வலது காலில் இருக்கிறது என்பதால். அண்ணி எவ்வளவோ சொல்லிப்பார்த்தாள். "இந்தக் கால நம்ப முடியாது பாப்பா, யாரையாச்சும் கொண்ணுப்போடும்" என்று என்னிடம் ஒருநாள் சொன்னான். அதே பட்டறையில் இப்போது கழிவுத் தகடு எடைபோடுகிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறான்.

அண்ணன் பிரஸ்ஸில் நின்ற நாட்களில் என் வீட்டுக்காரர் தன் ரெக்கார்டரை அண்ணன் மூலமாகத்தான் பட்டறைக்குள் வைத்தார். உள்ளே நின்று பதிவு செய்கிற ரகம் இல்லை அவர். பீரோ மேலே கருவியை ஓடவிட்டுவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துக்கொள்வார், மறுநாள் போய் எடுத்துவருவார். விபத்து நடந்த அன்றைக்கும் அது பீரோ மேலேதான் இருந்தது. ஆஸ்பத்திரியில் அந்த ஞாபகம் வந்து நான் கேட்டேன். அன்றைக்கென்று பார்த்து பேட்டரி போய்விட்டது, ஒன்றும் பதியவில்லை என்றார். நான் நம்பினேன். பேட்டரியைச் சார்ஜ் போட மறப்பது அவருக்கு முற்றிலும் பொருந்துகிற காரியம்தான்.

இந்த வருடம் ஜெர்மனியிலிருந்து ஒரு இசைக் கம்பெனி அவர் பாட்டுகளை வெளியிட ஆசைப்பட்டது. அவர்களுக்கு ஒரு வீடியோ வேண்டுமாம். நிஜப் பட்டறை, நிஜத் தொழிலாளிகள், அவர்கள் ஆட வேண்டும். என் வீட்டுக்காரர் உடனே ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனார். அண்ணனிடம் கத்தித்தான் பேச வேண்டும். பிரஸ் பட்டறையில் வருடக்கணக்கில் நின்றவர்களுக்குக் காது பாதிதான் மிஞ்சும். கீச்சென்ற சத்தம் எதுவும் கேட்காது, கனமான சத்தம் தரை வழியாகக் காலுக்குத் தெரியும்.

"மச்சான், நீங்க ஓனர்கிட்ட ஒரு வார்த்த சொன்னா போதும்" என்று இவர் கத்தினார்.

"ஆயுத பூச அன்னிக்கு வாங்க மாப்ள. அன்னிக்கு மெஷினு ஓடாது, உங்களுக்கும் தோதா இருக்கும்" என்றான் அண்ணன். மாப்பிள்ளைக்கு நல்லது நடந்தால் தங்கச்சி ராத்திரி ஷிஃப்ட் போக வேண்டாம் என்ற நினைப்பு அவனுக்கு. அவனுடைய அந்த நல்ல மனசைப் பார்த்து எனக்கு எரிச்சலாக வந்தது.

ஆயுத பூஜை அன்றைக்குப் பட்டறையைக் கழுவிவிட்டிருந்தார்கள். கேட்டில் வாழைக்கன்று, பிரஸ்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. அண்ணன் விரலை வாங்கிய பிரஸ்ஸுக்கும் அதே அளவு மாலை. ராஜப்பன் பட்டு வேட்டியில் பூசணிக்காய் உடைத்து, பொரியும் கடலையும் பொட்டலம் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். வீடியோ எடுக்கப் பெங்களூரிலிருந்து வந்த டைரக்டர் பெண், சுவர் ரொம்பச் சுத்தமாக இருக்கிறதே என்று வருத்தப்பட்டாள். ஆபரேட்டர்கள் புதுச்சட்டை போட்டு வந்திருந்தார்கள். அதைக் கழற்றிவிட்டு எண்ணெய்க் கறை படிந்த பழைய யூனிபார்மைப் போட்டுவரச் சொன்னாள். பண்டிகை நாளில் அழுக்குச் சட்டையா என்று அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ராஜப்பன் முறைத்ததும் போய் மாற்றிக்கொண்டு வந்தார்கள். அவருக்கென்ன, தன் யூனிட் ஜெர்மனியில் தெரியப்போகிறது என்ற பூரிப்பு. அண்ணனை மட்டும் அவள் முன் வரிசையில் நிற்க வைத்தாள். விரல் இல்லாத அந்தக் கை கேமராவில் நன்றாக இருக்கும் என்று என்னிடமே சொன்னாள்.

பட்டறைக்குள்ளேயே பலகை போட்டு ஒரு மேடை, ஆளுயர ஸ்பீக்கர்கள். மஞ்சள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு இவர் லேப்டாப்பைத் தட்டினார். ஆபரேட்டர்கள் வெட்கப்பட்டுக்கொண்டே அசைந்தார்கள். ராஜப்பன் கைதட்டி "சக்கத்தாகிதெ, சக்கத்தாகிதெ" என்று கன்னடத்தில் மெச்சினார். நடுவில் பாட்டு நின்றது. அமைதி. அப்புறம் அந்த இடம் இறங்கியது.

ஒரு கைகூட மேலே போகவில்லை. இருபது முப்பது பேரின் கைகளும் ஒரே நேரத்தில் நெஞ்சுக்கு இழுத்துக்கொண்டன, சூடான தோசைக்கல்லைத் தொட்டுவிட்ட மாதிரி. யாரும் யோசித்துச் செய்யவில்லை. டபுள் அடி விழுந்தால் கையை இழு என்று அவர்களுக்கு உடம்பே பழகியிருந்தது. அண்ணன் வலது கையை அக்குளுக்குள் வைத்து அழுத்திக்கொண்டு குனிந்துவிட்டான். 

"வாவ்!" என்று டைரக்டர் பெண் கத்தினாள். "பாத்தியா, பாத்தியா! இது யார் சொல்லிக் குடுத்த மூவ்மென்ட்?" என்று இவர் மேடையில் குதித்தார்.

நான் அண்ணனிடம் ஓடினேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடியே கேட்டான்.

"பாப்பா, தொம் தொம்னு ரெண்டு விழுந்துச்சு, காலுக்குத் தெரிஞ்சுது. அதுக்கு முன்ன தகரச் சத்தம் ஒண்ணு வருமே, எனக்குக் கேக்காது. பெடலு மேல மூடி வெச்ச தகரம். ஒவ்வொரு மிதிக்கும் ஒருக்கா டிங்குன்னு சத்தம் போடும். அது எத்தினி வாட்டி கேட்டுச்சு?"

அந்தப் பாட்டை ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். அரை அறைக்குள்ளிருந்து, அவர் செல்போனிலிருந்து, என் தூக்கத்துக்குள். எண்ணிப் பார்க்க வேண்டியதே இல்லை.

"ஒண்ணுதாண்ணா" என்று அவன் காதில் கத்தினேன். "ஒரே ஒரு டிங்."

"அப்ப ஒரு மிதிதானா?" என்று தன் வலது காலைப் பார்த்தான். "ஒருக்கா இன்னும் போடச் சொல்லு" என்றான்.

நான் மேடைக்குப் பின்னால் போனேன். இவர் ஹெல்மெட்டைக் கழற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். இவ்வளவு வருடத்தில் நான் அவரைச் சோம்பேறி என்று நினைத்திருக்கிறேன், வாய்ச்சவடால் என்று நினைத்திருக்கிறேன். மனுஷனே இல்லை என்று நினைத்தது அன்றைக்குத்தான்.

"பேட்டரி போயிடுச்சுன்னீங்களே?"

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. கண் ஸ்பீக்கர் பக்கம் போய்த் திரும்பியது. "இப்ப என்னாத்துக்குடி அது? எத வெட்டி எத ஒட்டுனன்னு எனக்கே ஞாபகம் இல்ல."

"இந்த எடத்துலயும் வெட்டி ஒட்டுனீங்களா?"

"இல்ல, அது அப்பிடியேதான் வெச்சேன். அந்த கேப் எவ்ளோ இயல்பா இருக்குது, கையால பண்ணா வராது." ரசனையை மெச்சிவிட்டேன் என்று நினைத்தாரோ என்னவோ, குரல் இறங்கி நெருக்கமானது. "கடைசில மச்சான் கத்துனத மட்டும் எடுத்துட்டேன். சுருதில உக்காரல."

அறையலாம் என்று கை வந்தது. ஆனால் அறைந்தால் பாட்டை மறுபடி போட மாட்டார்.

"முழுசா இருக்குதா அது?"

"ஹார்ட் டிஸ்க்ல இருக்குது. ஏன்?"

"ஒண்ணுமில்ல. அண்ணன் இன்னொருக்கா கேக்கணும்ங்கறான், போடுங்க" என்றேன். ஹார்ட் டிஸ்க் லேப்டாப் பைக்குள்தான் இருக்கும். பை என் காலடியில் இருந்தது. எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

"மச்சானுக்கே புடிச்சுடுச்சு பாரு!" என்று அவர் டைரக்டர் பெண்ணிடம் பெருமையாகச் சொல்லிவிட்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார்.

நான் திரும்பி வந்தபோது அண்ணன் மாலை போட்ட அந்தப் பழைய பிரஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றிருந்தான். அவன் சொல்லியிருக்க வேண்டும், மற்றவர்களும் அவனைச் சுற்றி வந்து நின்றார்கள். பூஜை நாள் என்பதால் யார் காலிலும் செருப்பில்லை. பாட்டு ஆரம்பித்தது. நான் பின்னால் நின்று அவன் தோளில் விரலை வைத்துக்கொண்டேன். டிங் கேட்கும்போதெல்லாம் தட்டினேன். தட்டும்போதெல்லாம் அவன் வலது காலால் தரையை மிதித்தான், தொம் விழுந்ததும் காலை எடுத்தான். பழைய வேலை, கால் மறக்கவில்லை. மிதி, அடி. மிதி, அடி. பக்கத்தில் இருந்தவர்களும் அவன் காலைப் பார்த்து ஒவ்வொருவராக மிதிக்க ஆரம்பித்தார்கள். கேமரா அவர்களுடைய கால்களுக்குக் கீழிறங்கி வந்தது.

"ஸ்டெப் சூப்பர்! எல்லாரும் சேந்து! அப்பிடியே!" என்று மேலேயிருந்து இவர் கத்தினார்.

ஓரமாக நின்றிருந்த ராஜப்பன் கைதட்டுவதை நிறுத்தியிருந்தார். பாட்டு நடுவில் நின்று அமைதியானது. யாரும் அசையவில்லை. டிங் என்றது, நான் தட்டினேன், அண்ணன் மிதித்தான். தொம் விழுந்தது, காலை எடுத்தான். எடுத்த காலைக் கீழே வைக்காமல் முழங்கால் உயரத்தில் அப்படியே பிடித்துக்கொண்டு, அதையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டாவது அடி விழுந்தபோது அங்கே ஒருவருடைய வலது காலும் தரையில் இல்லை.