பன்னிரண்டு நாள் மாத்திரை

சேலத்து மருத்துவமனையில் இளங்கோவுக்குச் சிகிச்சை நாள் கிடைக்க நான்கு மாதம் ஆகிவிட்டது. மலைமேல் வளப்பூர் நாட்டு ஊர்களில் மரமேறி மிளகு பறிக்கிறவன். மிளகுக் கதிரைக் காலால் மிதித்து உதிர்ப்பதுபோல நெஞ்சுக்குள் ஒழுங்கில்லாமல் ஓர் ஓட்டம்; அது வந்துவிட்டால் நாலு எட்டு வைப்பதற்குள் மூச்சு வாங்கும். தொடை ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை இதயத்துக்குள் செலுத்தி அதைச் சரிசெய்யலாம் என்று டாக்டர் இர்ஃபானா சொல்லியிருந்தார்.

அன்று காலை பச்சை அங்கி மாட்டித் தள்ளுகட்டிலில் படுத்திருந்தான்.

"உள்ள சூடு வெப்பீங்களா மேடம்?" என்று கேட்டாள் அவன் மனைவி அருணா.

"பழைய முறையில சூடு, இல்லேன்னா உறைய வைக்கறது. இது ரெண்டும் இல்லம்மா. கண்ணிமைக்கற நேரத்துல மின்துடிப்பு. தாளத்தைக் கெடுக்கற இடத்துல மட்டும்தான் பெரும்பாலும் படும். பக்கத்துல இருக்கற உணவுக்குழாய்க்கு ஆபத்து குறைவு."

"இவருக்கு அந்தக் குழாய்தானுங்க முக்கியம். விடிஞ்சதுலருந்து பசிக்குது பசிக்குதுன்னு உசுர வாங்கறாரு."

டாக்டர் சிரித்தார். "ரத்தம் உறையாம இருக்கக் குடுத்த மாத்திரை? மூணு வாரமா ஒரு வேளைகூட விடலையே? விட்டிருந்தா முதல்ல தொண்டை வழியா ஸ்கேன் பார்க்கணும்."

அருணா பையிலிருந்து காலண்டர் தாளை எடுத்து விரித்தாள். காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று என்று பேனாக்குறிகள்.

"ஒரு வேள தவறலீங்க. நானே கையில குடுத்தேன்."

"அப்ப ஸ்கேன் வேண்டாம். நேரா உள்ள போலாம்."

அவள் கையில் கொடுத்தது உண்மைதான். அறுவடையின் இரண்டாம் நாள் மூங்கில் ஏணியின் கணு இளங்கோவின் முழங்காலுக்குக் கீழே கிழித்துவிட்டது. சாயங்காலம் வரை ரத்தம் நிற்கவில்லை. முப்பதடி உயரத்தில் பாதம் வழுக்கினால் பிடிக்க ஆளில்லை. பறிப்பு முடிகிற வரைக்கும்தானே என்று மாத்திரையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்க் காட்டுவழியில் வீசினான். பன்னிரண்டு நாள். மேற்குக் காட்டை மட்டும் மிச்சம் விட்டு, மாத்திரையை மறுபடி தொடங்கி ஐந்து நாள்தான் ஆகிறது.

இப்போது சொன்னால் இந்த நாள் போய்விடலாம். டாக்டர் முன்னால் அருணா பொய்க்காரியாக நிற்பாள். சொல்லாவிட்டால்? உள்ளே ரத்தம் கட்டியிருந்தால் குழாய் படும்போது பெயர்ந்து மூளைக்குப் போகலாம், கைகால் விழலாம், பேச்சு போகலாம் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். ஒன்றும் ஆகாமலும் போகலாம். அந்த நினைப்பைப் பிடித்துக்கொண்டே கதவு வரை போனான்.

"நிறுத்துங்க மேடம்."

பன்னிரண்டு நாளையும் சொல்லி முடித்தபோது அருணா அவனைப் பார்க்கவில்லை. காலண்டர் தாளை நான்காக மடித்துக்கொண்டிருந்தாள்.

ஸ்கேனில் இதயத்தின் இடது மேலறை மூலையில் ரத்தக்கட்டி தெரிந்தது.

"ரத்தம் நிக்கலைன்னா எங்களுக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே," என்றார் டாக்டர். "இன்னைக்கு முடியாது. ஆறு வாரம் விடாம மாத்திரை. அப்புறம் மறுபடி பார்ப்போம். அதுவரைக்கும் மரம் ஏறக்கூடாது."

"கரையலீன்னா?" என்றாள் அருணா.

"அப்ப யோசிக்கணும்மா."

ஸ்கேனுக்குக் கொடுத்த மயக்க மருந்தின் கிறக்கம் அவனுக்குத் தெளியும்வரை அவள் கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள். பிறகு கேட்டாள். "உள்ள போயி உங்களுக்கு ஏதாச்சும் ஆயிருந்தா, மாத்திரை குடுத்தவ நாந்தானுங்களே. அத நெனச்சீங்களா?"



அவள் தன் தம்பிக்குப் போன் போட்டாள். "செல்வம், மேக்கால காட்டுல மிச்சமிருக்கற மிளக நீயே பறிச்சிரு சாமி. உங்க மாமன் ஏற மாட்டாரு."

இருபது வருசமாக அந்தக் கொடிகளில் வேறு ஒருவர் கைவைக்க அவன் விட்டதில்லை. போனைக் காதிலேயே வைத்தபடி அவள் அவன் முகத்தைப் பார்த்தாள்.

"தனியா ஏற வேண்டாம்னு சொல்லு," என்றான் இளங்கோ.