உங்க சென்செய் யாரு?

பரிமளாவுக்குக் காலையிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. அரியலூர் கல்யாண மண்டபத்தில் அன்று கராத்தே கறுப்பு பெல்ட் தேர்வு. அவள் புருஷன் கலைச்செல்வன் அதில் நிற்கிறான். தனக்குக் கற்றுக்கொடுத்த சென்செய் யாரென்று அவன் எல்லார் முன்னாலும் சொல்லியாக வேண்டும்.

பெரம்பலூரில் வகுப்பு நடத்துபவள் அவள்தான். கறுப்பு பெல்ட்டிலேயே இரண்டாம் படியான இரண்டாம் டான் வாங்கியவள். அவனுக்குக் குத்தும் உதையும் பழக்கியவளும் அவளே. ஆனால் பிள்ளைகளைச் சேர்க்க வருகிறவர்கள் நேராக அவனிடம் போய், "மாஸ்டர், பொண்ண நல்லா பாத்துக்குங்க" என்பார்கள். அவனும் பழுப்பு பெல்ட்டை இறுக்கிக்கொண்டே, "கவலைய வுடுங்க" என்பான். ஒரு நாளாவது அவளைக் கைகாட்டியிருப்பானா?

திருச்சியிலிருந்து வந்த தேர்வாளர் அவனைக் கூப்பிட்டார். "உங்க சென்செய் யாரு? அவங்க எந்திரிச்சு, ஆளு தயார்னு சொன்னாத்தான் தேர்வு."

முன்வரிசையில் பெரம்பலூர் பெற்றோர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கலைச்செல்வன் அவர்களைப் பார்த்தான். "நானா கத்துக்கிட்டதுங்க சார்."

"அப்ப உங்களுக்காக யாரு எந்திரிப்பாங்க?"

அவன் கண்கள் பரிமளாவைத் தேடின. காலையிலிருந்து நடந்துகொண்டே இருந்தவள், அப்போதுதான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, சாவகாசமாக உட்கார்ந்தாள்.