முன்கூட்டி வைத்த வைக்கோல்

போன நத்தாருக்கு முதல் நாள் வின்சன்ட் அறைந்த அறையில் றோஸ்மேரியின் இடது காது செத்துப்போனது. அதனால் இந்த முறை, நத்தாருக்கு முந்திய நாலு வாரத் திருவருகைக் காலம் பிறந்ததுமே அவள் புருசனிடம் சொல்லிவிட்டாள்.

"இஞ்சாருங்கோ, யேசு பாலன் பிறக்குமட்டும் எனக்கு அடிக்கக்கூடாது. அடிச்சீங்களெண்டால் நத்தார்ப் பூசை முடிய நான் அக்கா வீட்டை போயிடுவன். பிறகு வந்து கூப்பிடாதேங்கோ."

"ஓமடி, தொடமாட்டன்."

கரைவலைக் கயிறு இழுத்துக் காய்த்த கை அது. அந்தக் கையால் பல்லுப் போனவர்கள் கரையில் இருந்தார்கள்.

அவர்களுடைய கோயிலில் ஒரு வழக்கம். நத்தார் மாதம் நானாட்டான் வயல்களிலிருந்து உழவு மெசினில் வைக்கோல் வரும். கோபத்தை அடக்கி ஒரு நாளைக் கடத்தியவர்கள், பின்னேரம் பாலன் குடிலுக்குப் போய், வெறும் பலகைத் தொட்டியில் ஒரு தாள் வைக்கோல் வைப்பார்கள். நத்தாருக்குள் பாலனுக்கு மெத்தை சேர்ந்துவிடும். மனதை ஆயத்தம் செய்வது இப்படித்தான் என்று பங்குச் சுவாமி பிரசங்கம் வைத்திருந்தார்.

வின்சன்டுக்குத் தன்னைத் தெரியும். முதல் ஞாயிறே ஒரு பிடி வைக்கோலை அள்ளித் தொட்டிக்குள் திணித்துவிட்டு வந்தான்.

"எல்லா நாளுக்கும் சேர்த்து வைச்சிட்டன். வலை இழுக்கிற மனுசன் ஒவ்வொரு நாளும் கோயிலுக்கு ஓடேலுமே?"

"விடியாத நாளுக்கு வைக்கல் வைக்கிறதோ?"

"முந்திக் குடுத்தால் ஆண்டவருக்குக் கசக்குமோடி?" என்று சிரித்தான்.

அந்த வைக்கோல்தான் அவனைக் கெடுத்தது. மற்ற ஆண்டுகளில் இந்த நாட்களில் அவனுக்குக் கொஞ்சமாவது பயம் இருக்கும். இப்போது அதுவும் போய்விட்டது. ஒரு காலையில் வலை இழுக்கும்போது, கூட இழுத்த கொன்ஸ்ரன்ரைன் கயிற்றைத் தளர்த்தினான் என்று துடுப்பைத் தூக்கி அவன் மண்டையில் போட்டான். தோல் பிளந்து, துள்ளிக்கொண்டிருந்த சூடை மீனின் மேல் இரத்தம் கொட்டியது. வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி ஓடிவந்து பிடித்தார்.

"திருவருகைக் காலமடா, மிருகமே!"

"நான் வைக்க வேண்டியதை வைச்சிட்டன். விடுங்கோ என்னை."

அன்று பொழுதுபட, கள்ளு மணக்க வீட்டுக்கு வந்தான். "அந்தாளின்ர மண்டையை உடைச்சனீங்களோ?" என்று றோஸ்மேரி கேட்டாள். அவ்வளவுதான். வாசலில் கிடந்த ஈரக் கயிற்றை மடித்து எடுத்தான். முதல் அடியிலேயே அவள் அடுப்பில் விழுந்தாள். சட்டி உடைந்து குழம்பு காலில் கொட்டியது. உப்பேறிய கயிறு முதுகுத் தோலை உரித்துக்கொண்டு போனது. விலா எலும்பில் உதைத்தும் அவனுக்குத் தீரவில்லை.

"அடிக்கமாட்டனெண்டு சொன்னீங்கள்..."

"கையால தொட்டனானோ? கயிறுதானே," என்றான் மூச்சு வாங்க.

விடிந்ததும் அவள் நொண்டி நொண்டிக் கோயிலுக்குப் போனாள். தொட்டிக்குள் கையை விட்டு ஒரு பிடி வைக்கோலைப் பிடுங்கினாள். குடிலுக்குத் தோரணம் கட்டிக்கொண்டிருந்த அருள்நாயகி, கொன்ஸ்ரன்ரைனின் பெண்சாதி, பதறிப்போனாள்.

"எடியே, பாலன்ர படுக்கையிலயோ கை வைக்கிறாய்?"

"இது அவர் வைச்சது. நேற்று என்ர முதுகில திருப்பி எடுத்திட்டார்."

சேலையை விலக்கி முதுகைக் காட்டினாள். அருள்நாயகி பார்த்தாள். பிறகு தோரணத்தைக் கீழே போட்டுவிட்டுத் தானும் ஒரு பிடி பிடுங்கினாள்.

"எங்கட வீட்டிலயும் மண்டைதான் உடைஞ்சது. என்னை அடிக்கிற கை உடையேல்லை," என்றாள்.

இந்தக் கதை கிணற்றடியில் பரவியது. ஆண்கள் வந்து வைத்தார்கள். அடி வாங்கிய பெண்கள் வந்து எடுத்தார்கள். சுவாமி முதலில் மாடு தின்றது என்றுதான் நினைத்தார். விசயம் தெரிந்த பிறகு ஒருவரையும் தடுக்கவில்லை. புது வைக்கோலும் போடுவிக்கவில்லை.

ஊரடங்குக் காலம் என்பதால் அந்த ஆண்டு நத்தார்ப் பூசை பின்னேரமே நடந்தது. வெள்ளைச் சேட்டோடு வந்த வின்சன்ட் குடிலைக் கண்டு நின்றான். தொட்டியில் பலகை தெரிந்தது.

"என்ர வைக்கல் எங்கையடி?"

"நான்தான் எடுத்தனான்."

சனம் முழுக்கத் திரும்பிப் பார்க்க அவன் கையை ஓங்கினான். றோஸ்மேரி அசையவில்லை.

"அடியுங்கோ. தொட்டி மூலையில இன்னும் கொஞ்சம் கிடக்கு. அதையும் எடுத்திடலாம்."

மண்டையில் கட்டுப் போட்டிருந்த கொன்ஸ்ரன்ரைன் தலையைக் குனிந்துகொண்டான். வின்சன்டின் ஓங்கிய கை குடிலின் பனங்காலில் போய் இடித்தது. ஒரு தரமல்ல, முட்டித் தோல் கிழியும்வரை. மேலே கட்டியிருந்த நட்சத்திரம் கழன்று விழுந்தது. அவனை ஒருவரும் பிடிக்கவில்லை.

மணி அடித்தது. சுவாமி பாலனைக் கொண்டுவந்து வெறும் பலகையில் வைத்தார். சுரூபம் ணங்கென்று முட்டியது.

பூசை முடிந்து றோஸ்மேரி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அக்கா வீட்டுப் பாதையில் இறங்கினாள். ஊரடங்குக்குள் போய்ச் சேர வேண்டும். வாசலில் நின்ற வின்சன்ட், இரத்தக் கையை லேஞ்சித் துணியால் சுற்றியபடி, என்னவோ சொல்லிக் கூப்பிட்டான்.

அவன் நின்றது அவளுடைய இடது பக்கம்.