காலி டின்

ரப்பர் விலை படுத்துவிட்ட வருடம் அது. பினாங்கில், கடலை ஒட்டிய அந்தச் சந்தின் குழாயில் அது நினைத்தால்தான் தண்ணீர். இன்று வரும் என்பார்கள், வராது. அதனால் வரும்போது கிடைத்ததிலெல்லாம் பிடித்து ஒளித்துவைப்பதும், யார் கேட்டாலும் இல்லை என்பதும் வீட்டுக்கு வீடு பழக்கமாகிவிட்டது. தனலெட்சுமி மட்டும் என்ன விதிவிலக்கா? அவள் கட்டிலுக்கடியில் மூன்று மண்ணெண்ணெய் டின் நிறையத் தண்ணீர், மேலே சாக்கு.

குழாயடி வரிசையில் டின்னை வைத்துவிட்டு அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். பக்கத்து வீட்டு ஷேக் அலாவுதீன்தான் அங்கே உட்கார்ந்து, வரிசை நகர நகர அவள் டின்னையும் நகர்த்திவைப்பார். யாராவது முந்தினால் அவர் போடும் சத்தம் சந்து முனைவரை கேட்கும். ஒரு வாரமாக அவர் படுத்த படுக்கை. குழாயும் அதே வாரம் வறண்டது.

அன்று காலை அவர் மருமகள் ஜன்னத் வாளியோடு வாசலில் நின்றாள்.

"அக்கா, கொஞ்சம் தண்ணி..."

"குடிக்கவே இல்லம்மா! எல்லா டின்னும் காலி லா," என்றாள் தனலெட்சுமி, அவள் முடிப்பதற்குள்.

"மாமா மவுத்தாயிட்டாங்கக்கா. குளிப்பாட்டணும். யார் வீட்லயும் தண்ணி இல்லங்கிறாங்க. கடல் தண்ணிதான் எடுத்தாரணும். இந்த வாளி மட்டும் பத்தாது, அந்தக் காலி டின்னு ஒண்ணாவது குடுங்க."

இருக்கிறது, எடுத்துக்கொள் என்று தனலெட்சுமி சொல்லியிருக்கலாம். ஆனால் இப்போதுதானே இல்லை என்றாள்? வெட்கம் வாயை அடைத்தது. உள்ளே போய் ஒரு டின்னைப் பின்பக்கம் இழுத்துப்போனாள். சத்தம் வராமல் சுவரோரமாகச் சாய்த்தாள். அத்தனை நல்ல தண்ணீரும் சாக்கடையில் போனது. முந்தானையால் உள்ளே துடைக்கவும் துடைத்தாள், பாவி.

ஜன்னத் டின்னை வாங்கி உள்ளே கைவிட்டுப் பார்த்தாள். ஈரக் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு போனாள்.

அடக்கம் முடிந்த சாயங்காலம் குழாயில் தண்ணீர் வந்தது. தனலெட்சுமி போகவில்லை. தன் டின்னுக்காகச் சண்டை போட்ட மனிதரை உப்புத் தண்ணீரில் குளிப்பாட்ட விட்டோமே என்று நெஞ்சு அறுத்தது.

இருட்டும் நேரத்தில் ஜன்னத் வந்தாள். கையில் அதே டின், விளிம்புவரை தண்ணீர்.

"காலியா திருப்பிக் குடுக்கக் கூடாதுல்லக்கா. கனமா இருக்கு, உள்ள வச்சிட்டுப் போறேன்."

தனலெட்சுமி வாசலை மறித்து நின்றாள். கட்டிலுக்கடியில் இன்னும் இரண்டு டின் நிறையத் தண்ணீர் இருந்தது.

"இங்கயே வச்சிடும்மா," என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு.