நாற்பத்தோராவது நொடி

ஆலையில் அவளை எல்லோரும் எக்ஸ்ரேக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். செயற்கைக்கோளைத் தூக்கிப் போகிற சின்ன ராக்கெட்டுக்குள் கூழாக ஊற்றி இறுக வைத்த எரிபொருளைப் படம் பிடித்து, ஓட்டை உடைசல் இருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. அந்தக் கூழைக் கலந்து ஊற்றுகிறவர் அவளைக் கட்டிக்கொண்ட புண்ணியவான். வம்பு பேச வேறென்ன வேண்டும்?

எட்டு மாதத்துக்கு முன் மூன்றாம் அடுக்கின் படத்தில் ஒரு காற்றுக்குமிழி தெரிந்தது. மிளகளவு. விதிப்படி கொண்டைக்கடலை அளவு வரை விடலாம். ஏழு முறை அளந்தாள். ஏழு முறையும் மிளகுதான். கையெழுத்துப் போட்டாள். அவளுடைய மேலதிகாரியும் போட்டார். ஆனால் ராக்கெட் விழுந்தால் அவரையா பேசுவார்கள்? "புருஷன் பண்ணின தப்ப பொண்டாட்டி மூடி மறைச்சிட்டா" என்றுதான் பேசுவார்கள்.

இந்த எரிபொருளைப் பற்றவைத்துவிட்டால் அணைக்க முடியாது. நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சீராக எரிந்துகொண்டே வரும். அதனால் நெருப்பு குமிழியைத் தொட்டு, அழுத்தம் எகிறி வெடிக்கக்கூடிய நேரத்தைக்கூடக் கணக்குப் போட்டுவிடலாம். போட்டாள்: நாற்பத்தோராவது நொடி. கணவரிடம், "ஒரு குமிழி இருக்கு, அளவுக்குள்ளதான்" என்றதோடு சரி. நொடியைச் சொல்லவில்லை. வீட்டில் ஒருத்தர் தூக்கம் கெட்டால் போதாதா?

இன்று காலை ஆலைக் கூடத்தில் எல்லோரும் பெரிய திரைக்கு முன்னால் கூடியிருந்தார்கள். முதல் அடுக்கு எரிந்து முடிந்ததும் அதைச் செய்தவர்கள் கைதட்டிவிட்டு டீ எடுக்கப் போனார்கள். இரண்டாம் அடுக்குக்காரர்களும் அப்படியே. கொடுத்துவைத்தவர்கள்! மூன்றாவது பற்றிக்கொண்டது. அழுத்தத்தைக் காட்டும் பச்சைக் கோடு மேலேறியது.

முப்பது. முப்பத்தைந்து. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

நாற்பத்தொன்றில் கோடு லேசாகத் துள்ளியது. அடுத்த நொடி பழையபடி படிந்து, சமர்த்தாக ஓடியது.

"அப்பாடா!"

சொன்னது அவள் இல்லை, கணவர். கைக்குட்டையை எடுத்து முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் அரை நிமிஷம் எரியணும். அதுக்குள்ள என்ன அப்பாடா?" என்றாள்.

"நம்ம கண்டம் தாண்டிருச்சில்ல?"

"நாப்பத்தொண்ணுன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

"நீதான். எட்டு மாசமா தூக்கத்துல நாப்பத்தொண்ணு வரைக்கும் எண்ணிட்டு, திடுக்குனு புரண்டு படுத்துக்குவே. மிச்சத்த நான்தான் முழிச்சுக் கிடந்து எண்ணி முடிப்பேன்."

"பாவி மனுஷா, சொல்லியிருக்கலாமில்ல!" என்று அவர் கையில் நறுக்கென்று கிள்ளினாள். கண் நிறைந்துவிட்டது.

எழுபதாவது நொடியில் அடுக்கு நல்லபடியாக எரிந்து அடங்கியது. கூடமே எழுந்து கைதட்டியது. இவர்கள் இரண்டு பேருக்கும் மட்டும் கொட்டாவி கொட்டாவியாக வந்தது.